பூசலார் வகுத்த நாள்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திருக்கோயில் எடுப்பார்க்குப் பொருள் வேண்டும், கல் வேண்டும், தச்சர் வேண்டும், நாள் வேண்டும். இந்நான்கனுள் முதல் மூன்றும் கைவரப் பெறாது, நான்காவதாகிய நாள் ஒன்றையே முதலாகக் கொண்டு கோயில் எடுத்து முடித்த பெரியார் ஒருவர், இந்நாளில் திருவள்ளூர் மாவட்டம் என வழங்கும் நிலப்பகுதியிலேயே வாழ்ந்தார். தொண்டைநாட்டு நின்றவூரில் அந்தணர் குலத்துத் தோன்றிய பூசலார் நாயனாரே அவர். சென்னையிலிருந்து திருவள்ளூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் திருநின்றவூர் என இன்று வழங்குவது அவ்வூரேயாகும். அங்கே இறைவன் இருதயாலீசுவரர் என்னும் பெயரோடும், அம்மை மரகதாம்பிகை என்னும் பெயரோடும் எழுந்தருளியுள்ளனர். கருவறையிலேயே பூசலாரின் திருவுருவமும் இருத்தல் அக்கோயிலின் தனிச் சிறப்பு.

திருக்குட நன்னீராட்டு விழாக்களில் பூசலார் வரலாறு தவறாது பேசப்படும். பொருளினும் அன்பே பெரிது என்பதற்கு அதனைக் காட்டுவர். அது மெய்யே, மறுப்பார் இலர். ஆயினும் அவ்வரலாற்றுள் அன்பர்கள் பெரும்பாலும் நின்று நோக்காது கடந்து செல்லும் பகுதி ஒன்றுண்டு. பூசலார் தம் நாட்களை எவ்வாறு கழித்தார் என்பதே அது. அன்றாட வாழ்வை எப்படி வகுத்துக் கொள்வது, உடலை எப்படிப் பேணுவது, தன்னை எப்படி அறிந்து கொள்வது என்று கேட்பார்க்கு அப்பகுதியிலே விடை கிடக்கின்றது.

வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் மன்னிய சீர்ச் சருக்கத்தில் கூறுகின்றார். பூசலார் இறைவனுக்குக் கோயில் ஒன்று எடுக்க விழைந்தார். பொருள் தேடிப் பல இடங்களிலும் முயன்றார். சிறிதும் கிட்டவில்லை. வருந்தினார். பின்னர் மனத்தினாலேயே கோயில் எடுப்பதெனத் துணிந்தார். சிறிது சிறிதாக நிதியம் சேர்த்தார். தச்சரைத் தேடிச் சேர்த்தார். வேண்டும் கருவிகளை ஈட்டினார். ஆகம முறைப்படி நல்ல நாள் பார்த்து அடிநிலை பாரித்தார். உபானம் முதலாகச் சிகரம் ஈறாக உறுப்பு உறுப்பாக எழுப்பினார். சுதை வேலை முடித்தார், கிணறு அகழ்ந்தார், மதில் சூழ்வித்தார், குளமும் தொட்டார். இவை யாவும் மனத்துள்ளே நிகழ்ந்தன. இவ்வாறு நாட்கள் பல சென்றன.

இங்கே ஒன்று சிந்திக்கத் தக்கது. மனத்தால் கட்டும் கோயிலுக்கு நாட்கள் பல எதற்கு? கண்ணிமைப்பில் ஏழுநிலை மாடத்தை எழுப்புவது மனத்துக்கு இயல்பு. கும்மிடிப்பூண்டிக்குப் பேருந்தை எதிர்நோக்கி நிற்கும் ஒருவர், பேருந்து வருவதற்குள் மூன்று வீடு கட்டி, இரண்டு மகளிர்க்கு மணம் முடித்து, மேலதிகாரியையும் வேலையினின்று நீக்கி விடுகின்றார். பேருந்து வந்து நின்றதும் அனைத்தும் இடிந்து விழுகின்றன. இவ்வாறு எழுப்பவும் இடிக்கவும் வல்ல மனத்தைப் பூசலார் அவ்வாறு விட்டாரில்லை. இன்று இவ்வளவு, நாளை இவ்வளவு என அதனைக் கட்டுப்படுத்தினார். அடிநிலை முடியாமுன் சிகரத்தை நினைக்க அதற்கு இசைவு தந்தாரில்லை. கல் சுமக்கும் கூலியாளைப்போல மனத்தை நடத்தினார். அவர் எடுத்த கோயிலைப் போலவே, அதனை எடுப்பதற்கு அவர் வகுத்துக்கொண்ட நாளும் போற்றத்தக்கது.

சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்தவர். குன்றத்தூரில் தாமே ஒரு திருநாகேச்சரம் எடுப்பித்தவர் என்பது வழிவழி வரும் செய்தி. கட்டட வேலை எவ்வளவு மெல்ல நகர்வது, எத்துணைப் பொறுமையை வேண்டுவது என்பதை அவர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அதனாலன்றோ மனக்கோயிலுக்கும் கிணற்றையும் மதிலையும் மறவாது வைத்தார்!

ஈண்டு ஒரு தடை நிகழ்தல் கூடும். பூசலார் இரவும் உறங்காது திருப்பணி செய்தார் என்றன்றோ சேக்கிழார் கூறுகின்றார். அங்ஙனமாயின் உறக்கத்தைக் குறைப்பதே பெரியோர் நெறியாகாதோ என்பது அத்தடை. ஆகாது. பூசலார்க்கு அவ்விரவுகளில் வேறு தொழில் இல்லை, நினைவே தொழில். இன்று இரவெல்லாம் விழித்திருப்போர் எதன்பொருட்டு விழித்திருக்கின்றனர் என்பதை அவரவர் கைபேசியைக் கேட்டால் அது சொல்லும். நாயனாரைச் சான்று காட்டி அவ்விழிப்பை நியாயப்படுத்துதல் தகாது.

உறக்கத்தைச் சைவ சித்தாந்தம் எளிதாகக் கருதவில்லை. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகள் கூறி, உயிர் நெற்றியினின்றும் கண்டத்துக்கும், கண்டத்தினின்றும் இதயத்துக்கும், பின்னர் உந்திக்கும் மூலத்துக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு இறங்கும் முறையை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளது. நாடோறும் எல்லார்க்கும் நிகழும் ஒன்றைக் கொண்டே உயிர் வேறு, கருவிகள் வேறு என உணர்த்திய சாத்திரம் அது. உடலும் புலனும் அடங்கிய நிலையிலும் உயிர் இருக்கின்றது; விழித்தபின் நேற்றைய தானே இன்றும் தான் என அறிகின்றது. தன்னை அறிய விரும்புவார் தொலைவில் எங்கும் செல்லவேண்டுவதில்லை. இரவு கண் மூடும் பொழுதையும், காலை கண் திறக்கும் பொழுதையும் சிறிது கூர்ந்து நோக்கினாலே போதும்.

இனித் திருக்கோயிலை நோக்குக. உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாங்காலம், அர்த்தசாமம் என ஆறு காலம் வகுத்துள்ளனர். விடியலில் திருப்பள்ளியெழுச்சி, இரவில் பள்ளியறைச் சேவை. உறங்காத ஒருவனை எழுப்புகின்றனர். சோர்வில்லாத ஒருவனைத் துயில்விக்கின்றனர். அவனுக்கு வேண்டியன அல்ல இவை. பார்த்து நிற்கும் மக்கள் தம் நாளையும் அவ்வாறு வகுத்துக்கொள்ள வேண்டுமென்றே முன்னோர் இம்முறையைக் கண்ணுக்கு எதிரே நாடோறும் நடத்திக் காட்டினர் எனக் கொள்ளுதல் பொருந்தும். எழுந்ததும் நீராட்டு, அதன்பின்னரே உணவு, உச்சிப்பொழுதில் நடை சாத்தி ஓய்வு, மாலையில் விளக்கு, இரவில் பால் நிவேதனம், இனிய பாட்டு, பின்னர்த் திரை. அர்த்தசாமத்துக்குப் பின் எத்தகைய செல்வர் வந்து நின்றாலும் நடை திறப்பதில்லை.

கோயிலுக்கு நடை சாத்தும் நேரம் உண்டு. இல்லங்களுக்கு இந்நாளில் அஃது இல்லாது போயிற்று. இரவு பதினொரு மணிக்கும் தொலைக்காட்சி ஓடுகின்றது; பன்னிரண்டு மணிக்கும் கைபேசி ஒளிர்கின்றது; சிறார் உறங்கும் அறையிலும் அவ்வொளி விழுகின்றது. ஒவ்வோர் இல்லத்தாரும் தம் வீட்டுக்கும் ஓர் அர்த்தசாமம் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒன்பதரை மணி என்று குறித்தால் ஒன்பதரை மணி. அதன்பின் கைபேசி படுக்கையறைக்கு வெளியே, கூடத்து மாடத்தில் இருக்கட்டும். விடியலில் எழுப்புதற்கு அதுவன்றி வழியில்லை என்பார்க்கு, எழுப்புமணிக் கடிகாரம் இன்றும் கடைகளில் கிடைக்கின்றது. வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேர உறக்கமேனும் வேண்டும் என்பது மருத்துவர் பலரும் ஒத்துக்கூறுவது.

இவ்வளவும் பகலில் உழைத்து இரவில் வீடு திரும்புவார்க்குச் சொல்லத்தக்கன. இம்மாவட்டத்து நிலை வேறு. கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்திலும், காக்களூர்த் தொழிற்பேட்டையிலும், நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலைகள் பலவற்றிலும் இரவென்றும் பகலென்றும் வேறுபாடில்லை. உருக்காலை உலையை இரவில் அணைத்து விடியலில் மூட்ட இயலாது. எட்டு மணி நேர முறைகள் மூன்று மாறி மாறி வருகின்றன. ஒரு வாரம் காலை முறை; மறு வாரம் பிற்பகல் முறை; அதற்கடுத்த வாரம் இரவு முறை. இவ்வாறு உழைக்கும் அன்பரிடம் சென்று, வைகறையில் எழுக, ஆறு காலத்தையும் போற்றுக என்று கூறுதல் அறியாமை. கோயிலில் இன்று ஒளிரும் கலசமும், மண்டபத்தைத் தாங்கும் இரும்பும் அவ்வுலைகளின் முன் விழித்திருந்தோர் உழைப்பால் வந்தவை என்பதையும் மறத்தலாகாது.

உடலுக்குள்ளே ஒரு நாட்கடிகாரம் இயங்குகின்றது. பழ ஈக்களை ஆராய்ந்து அதன் நுட்பத்தைக் கண்ட ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017-ஆம் ஆண்டில் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. உடலின் வெப்பமும், பசியும், துயிலும், குருதியில் ஓடும் சுரப்புகளும் அக்கடிகாரத்தின் வழிப்பட்டன. கதிரவன் ஒளியே அதற்கு முடுக்கும் சாவி. நெடுங்காலம் இரவில் விழித்துப் பகலில் உறங்குவார்க்கு இக்கடிகாரம் தடுமாறுகின்றது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இலும் மீண்டும் 2019-இலும், இரவுப் பணியைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியனவாகக் கருதத்தக்கவற்றின் வரிசையில் வைத்தது. அச்சுறுத்துவதற்காக இது கூறப்படவில்லை. இரவுப் பணியாளரின் பகலுறக்கம் சோம்பல் என்று எண்ணும் இல்லத்தார் சிலர் உளர். அவர்கள் பொருட்டே கூறப்படுகின்றது.

இரவு முறை முடிந்து காலை ஆறு மணிக்கு ஆலைவாயிலினின்று ஒருவர் வெளிவருகின்றார் எனக் கொள்க. முதலாவது, கண் செருகும் நிலையில் இருசக்கர வண்டியில் கொல்கத்தா நெடுஞ்சாலை ஏறுதல் கூடாது. ஆலைப் பேருந்தோ, புறநகர் இரயிலோ இருக்குமாயின் அதனையே நாடுக. இல்லையேல் கால்மணி நேரம் ஓரிடத்தில் கண்ணயர்ந்து பின் புறப்படுக. வீடு வந்ததும் எளிய உணவு, உடனே உறக்கம். சாளரத்துக்குத் தடித்த திரை வேண்டும். வேட்டியை நான்காக மடித்துக் கட்டினாலும் போதும், இருளே வேண்டுவது. அவ்வேளையில் அழைப்புமணியும், மின் அரைவையும், உரத்த பேச்சும் அடங்கி இருத்தல் வேண்டும். திருக்கோயில் வாயிலில் துவாரபாலகர் நிற்பது போல, உறங்குவாரின் அறைவாயிலை அன்னையோ மனைவியோ மக்களோ காத்து நிற்பார்களாயின் அதுவும் ஒரு திருத்தொண்டே. நள்ளிரவில் வயிறு நிரம்ப உண்ணாது, பணிக்குச் செல்லுமுன் நன்றாக உண்டு, இடையில் சிறிதளவு கொள்வது நலம். பணிநேரத்தின் பிற்பாதியில் தேநீரை நிறுத்திவிடுதல் பின்னர் வரும் உறக்கத்துக்குத் துணையாகும்.

இவர்தம் வழிபாட்டுக்குரிய வேளை எது? எழுந்த வேளையே அவர்க்குக் காலை. பிற்பகல் இரண்டு மணிக்கு எழுவாராயினும் நீராடி, திருநீறு அணிந்து, ஐந்தெழுத்தை ஓதிப் பத்து நிமிடம் அமர்ந்திருப்பது அவர்க்குக் காலசந்தி. முதியோர் சிலர் இதற்கு முகஞ்சுளிப்பர். கதிரெழுமுன் செய்வதே விதி என்பர். விதியைக் காக்க இயன்றார் காக்கட்டும். இயலாதாரை விலக்கி வைத்துக் காக்கும் விதியால் யாருக்கு நன்மை?

இயலாமையைப் பற்றிப் பேசுங்கால் இம்மாவட்டத்து மற்றொரு தலத்தை நினையாதிருத்தல் அரிது. ஆரூரர் ஒற்றியூரில் சங்கிலியார்க்குக் கூறிய சூளுரையைத் தவறி எல்லை கடந்தார். இரு கண்ணும் இழந்தார். வழியறியாது தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். இறைவன் அங்கே அவர்க்குக் கண்ணைத் தரவில்லை. ஊன்றுகோல் ஒன்றைத் தந்தான். அதனால் அவனுக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். பின்னர்க் காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. முதலிற் கோல், பின் ஒரு கண், பின் மறு கண். ஆண்டவன் அருளியதே இப்படிப் படிப்படியாகத்தான்.

நலம் என்பது ஒரே நாளில் முழுதாக வரவேண்டும் என எதிர்பார்ப்பார் இதனை நோக்குதல் வேண்டும். சருக்கரை நோய்க்கு மருத்துவர் மாத்திரை எழுதுகின்றார். ஆயுள் முழுதும் உண்ண வேண்டுமா என வெறுத்து நிறுத்தி விடுகின்றனர். முழங்கால் தேய்ந்த மூதாட்டிக்கு மகன் கைத்தடி வாங்கி வருகின்றான். நாலுபேர் என்ன நினைப்பர் என்று அது மூலையிலேயே கிடக்கின்றது. பின் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகின்றது. மூக்குக் கண்ணாடி அணிய நாணி, எதிர்வரும் ஊர்தியைக் கணிக்க இயலாமல் சாலை கடப்பாரும் உண்டு. இவர்கள் எல்லாரும் கண் வேண்டும், கோல் வேண்டா என்கின்றனர். ஆரூரரும் தொடக்கத்தில் சினந்தவரே. கோலை வீசினார், அது நந்தியின் கொம்பை முறித்தது என்பது அத்தலத்து வழக்கு. ஆயினும் அக்கோலைக் கொண்டே மேல்வழி நடந்தார். மருந்தும், தடியும், கண்ணாடியும், செவிக்கருவியும் வெண்பாக்கத்துக் கோல்கள். கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

அவ்வெண்பாக்கம் இன்று பழைய இடத்தில் இல்லை. சென்னை மக்களின் குடிநீருக்காகக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது (1944) பழைய இடம் நீர்க்கு உள்ளாயிற்று. கோலளித்த இறைவனுக்குப் பூண்டியில் வேறிடத்தில் கோயில் எழுந்தது. ஊரே இடம்பெயர நேர்ந்தும் வழிபாடு இடந்தேடிக்கொண்டது. வீடு மாறியதால், வேலை மாறியதால், மகள் வீட்டில் வந்து தங்கியதால் நியமம் விட்டுப்போயிற்று என்பார் இத்தலத்தை ஒருமுறை கண்டு வருவது நல்லது. நீர்த்தேக்கக் கரையில் காலார நடத்தலும் அதனோடு கூடும்! வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைநடை போன்ற உடலுழைப்பு வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள். கோயில் வெளிச்சுற்றை வலம்வருவார்க்கு இக்கணக்கு எளிதில் நிறைந்துவிடும். வழியில் நின்று ஊர்ச்செய்தி பேசாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

உணவைப் பற்றிச் சில சொல். திருவேற்காட்டு மூர்க்க நாயனார் அடியார்க்கு அமுது செய்வித்துக் கடைசிப் பந்தியில் தாம் உண்பார். பிறர்க்கு இட்டபின் உண்ணும் வழக்கம் உடையார்க்கு அளவு தானே அமையும். எஞ்சியது இவ்வளவே என்று தெரிந்திருக்கும். அந்நாயனார் பொருள் தீர்ந்தபின் சூதாடிப் பொருளீட்டினார் என்று சொல்லிக் கைபேசிச் சூதுக்கு அவரைத் துணையழைப்பார் சிலர் உளர். வென்ற பொருளை அவர் தம் கையாலும் தீண்டவில்லை என்ற பகுதியை அவர்கள் படிப்பதில்லை. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்ப. ஒரு சிறு தேக்கரண்டி அளவே அது. ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் அக்கணக்கில் சேரும். கோயிற் புளியோதரை அருட்பிரசாதம்; உள்ளங்கை கொள்ளுமளவே பிரசாதம்; அதற்குமேல் சோறு.

தன்னை அறிதல் என்பதற்கு வருவோம் எனில், மீண்டும் நின்றவூருக்கே செல்லுதல் வேண்டும்.

பூசலார் மனக்கோயிலில் இறைவனை எழுந்தருளுவிக்கக் குறித்த அதே நாளில், காஞ்சியில் காடவர்கோன் தான் எடுத்த கற்றளிக்கும் நாள் குறித்திருந்தான். இவ்வரசனை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவனாகவும், அத்தளியைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலாகவும் வரலாற்று அறிஞர் கருதுவர். நாளை நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்துள் புகுவோம். நீ வேறு நாள் கொள்க என இறைவன் கனவில் உணர்த்தினான். அரசன் நின்றவூர் வந்தான். பூசலார் எடுத்த கோயில் எங்கே எனக் கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கில்லை என்றனர் ஊரார்.

இந்த இடம் மிக நுட்பமானது. அண்டை வீட்டார்க்கும் தெரியாது. நாள்தோறும் அவரைக் கண்டவர், பேசியவர் எவரும் அறியார். அவருள்ளே ஒரு விமானம் எழுந்து கொண்டிருந்தது. வெளியே அவர் வாளா அமர்ந்திருந்தார். அவர் செய்தது ஊரார் புகழ்தற்கும் இல்லை, பழித்தற்கும் இல்லை. அரசன் நேரில் வந்து வணங்கிக் கேட்டபோது பூசலார் மருண்டார். தம் பணி எவருக்கேனும் தெரியவரும் என்று அவர் எண்ணியதே இல்லை.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் கொள்வது போல என உவமிப்பர். அங்ஙனமாயின் தான் யார் என்று அறிய விரும்பும் ஒருவர், தான் எதனைச் சார்ந்து நாளைக் கழிக்கின்றார் என்று நோக்கினால் விடை கிடைத்துவிடும். எழுந்தவுடன் கை முதலில் எதனைத் தேடுகின்றது? ஒருவரும் பாராத அரைமணிப் பொழுது கிடைத்தால் மனம் எங்கே ஓடுகின்றது? இவ்விரண்டு வினாவுக்கும் உண்மையான விடையை இரவு படுக்குமுன் ஒரு தாளில் எழுதி வருவாராயின், பத்து நாளில் தம்மைப் பற்றிப் பிறர் சொல்லாத செய்தி ஒன்றையேனும் அறிவார். அது பெரும்பாலும் மகிழ்ச்சி தருவதாய் இராது. தாளை எவர்க்கும் காட்ட வேண்டா.

ஈந்து மகிழ்ந்த பெருமக்கள் இம்மலரை முதலில் கையில் எடுக்கும்போது தத்தம் பெயர் அச்சாகியுள்ள பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது இயற்கையே, அதில் குற்றமில்லை. ஊரறியச் செய்யும் அறம் பிறரையும் அறம் செய்யத் தூண்டும். குழல்விளக்கின்மேல் உபயகாரர் பெயரைப் பெரிதாக எழுதி விளக்கின் ஒளியைப் பாதியாக்குவது மட்டும் சற்றே மிகை. அவ்வாறு ஈந்த பெருமக்கட்கும் இவ்வரலாற்றில் ஒருவன் உளன். அவன் காடவர்கோன். பெரும்பொருள் செலவிட்டவன்; குறித்த நாளைத் தள்ளி வைத்தான். பூசலாரைத் தன்பால் அழைத்துவரச் செய்யாது தானே அவரிடம் சென்றான். தான் எடுத்ததினும் பெரியதொரு கோயிலைக் கண்ணால் காணாமலே ஒப்புக்கொண்டு நிலத்தில் வீழ்ந்து பணிந்தான். பொருளுடையார்க்கு இது எளிய செயலன்று.

இனி நிகழவிருக்கும் நாட்களைப் பற்றி ஒரு சொல். இவ்விழாவில் மருந்து சாத்தியதை அன்பர்கள் கண்டிருப்பர். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் சேர்த்து இடித்துச் செய்யும் அட்டபந்தனம் அது. இடித்து இடித்தே அது பதமாகின்றது. திருவுருவுக்கும் பீடத்துக்கும் இடையே அதனைச் சாத்துவர். காலம் செல்லச் செல்ல அப்பிணைப்பு நெகிழும். ஆதலின் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மீண்டும் சாத்துவர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலேயே பிணைப்பு நெகிழுமாயின், மனிதர் மேற்கொண்ட நியமம் நெகிழ்வதில் வியப்பென்ன? நெகிழ்ந்ததற்காக நாணி முற்றும் கைவிடுவதே பிழை. பூசை ஒருகாலம் தவறினால் இன்னது செய்க, ஒருநாள் தவறினால் இன்னது செய்க என ஆகமங்களே பிராயச்சித்தம் வகுத்து வைத்துள்ளன. தவறும் என்று அறிந்தே வகுத்தனர். ஒருநாள் விட்டுப்போயிற்றெனில் மறுநாள் தொடர்க, அவ்வளவே.

குட நன்னீராட்டுக்குப் பின் மண்டலாபிடேகம் நாற்பத்தெட்டு நாள் நடைபெறும். யாகசாலைப் பந்தல் பிரிக்கப்பட்டுவிடும், ஒலிபெருக்கி இராது, அன்னதான வரிசையும் இராது. சிவாசாரியாரும், ஓதுவாரும், அருகில் வாழும் முதியோர் நால்வரும் மட்டுமே வருவர். அந்நாட்களையே ஒருவர் தமக்குரிய நாளாகக் கொள்ளலாம். எழும் நேரம் ஒன்று, அமைதியாய் அமரும் பத்து நிமிடம் ஒன்று, இல்லத்து நடை சாத்தும் நேரம் ஒன்று என மூன்றே நியமம் போதும். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கும் ஆசை முதல் வாரத்திலேயே எழும். அதற்கு இடங்கொடாதிருப்பது நலம். முறை மாறிப் பணிபுரிவார் மணிக்கணக்கை விட்டு, எழுந்தபின் இவ்வளவு நேரத்தில், உறங்குமுன் இவ்வளவு நேரத்தில் எனக் கொள்க. இல்லத்தாருள் ஒருவர்க்கு மட்டும் சொல்லி வைக்கலாம். சிலர்க்கு ஒருவர்க்கும் சொல்லாதிருப்பதே உதவும்.

காடவர்கோன் பூசலாரைப் பணிந்து தன் நகர்க்கு மீண்டான். பூசலார் தாம் குறித்த நல்லோரையில் தம் மனக்கோயிலில் இறைவனை எழுந்தருளுவித்தார். அதன்பின் அவர் செய்ததைச் சேக்கிழார் மிகச் சுருக்கமாகவே கூறுகின்றார். பல நாள் பூசை செய்தார் என்பதே செய்தி. அரசனும் படையும் சென்றபின் நின்றவூர்த் தெருவில் புழுதி அடங்கியிருக்கும். ஊரார் வியந்து பேசி ஓய்ந்து தத்தம் வேலைக்குத் திரும்பியிருப்பர். பூசலார்க்கு மறுநாட் காலைப் பூசை இருந்தது.